இடம் இருந்தும் மேலாக் ஏன் மறுக்கிறது: சி மொழியில் ஒரே அளவு நினைவக அறைகள்

மொரீஷியஸின் ரெடுயியில் பொறியியல் படிக்கும் நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. தலைநகர் போர்ட் லூயியின் நடுவே ஓடும் பூஸ் ஓடையின் நீர்மட்டத்தையும் மழையையும் அளந்து கைப்பேசி வலையமைப்பு வழியாக அனுப்பும் சிறு கருவி ஒன்றை, 20 கிலோபைட் நினைவகம் கொண்ட எஸ்டிஎம்32 எஃப்103 சில்லில் சி மொழியில் எழுதியிருக்கிறீர்கள். ஓர் அளவீட்டுக்கு 24 பைட், அனுப்பும் பொட்டலத்துக்கு 512 பைட் என்று தேவைப்படும்போதெல்லாம் மேலாக் என்னும் செயற்கூற்றால் இடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் ஃப்ரீ என்னும் செயற்கூற்றால் அதைத் திருப்பிவிடுகிறீர்கள். எட்டு ஒன்பது நாள் பிசகில்லாமல் ஓடிய கருவி, அதன் பிறகு பொட்டலத்துக்கு இடம் கேட்கும்போது நல், அதாவது இடமில்லை, என்ற விடையைப் பெற்று நின்றுவிடுகிறது. அந்த நேரத்திலும் ஹீப்பில், அதாவது மேலாக் இடம் எடுத்துக் கொடுக்கும் நினைவகப் பகுதியில், ஏறக்குறைய 6 கிலோபைட் காலி என்று உங்கள் கணக்கே காட்டுகிறது. வாங்கிய இடத்தைத் திருப்ப மறக்கும் கசிவு எதுவும் இல்லை என்பதையும் சரிபார்த்துவிட்டீர்கள். ஒரே அளவு அறைகள் கொண்ட நினைவகத் தொகுப்பு இதற்கு மருந்து என்று படித்திருக்கிறீர்கள். அது ஏன் மருந்தாகிறது, எப்படி எழுதுவது, எங்கே பொருந்தாது என்பவை உங்கள் கேள்விகள்.

தைப்பூசக் காவடி முடிந்து நம் கோவில்களில் நடக்கும் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வரிசையாக நாற்பது வாழையிலை போட்டிருக்கிறது. தனியாக வந்தவர்கள், மூவராக வந்தவர்கள், ஐவராக வந்தவர்கள் எல்லாரும் கலந்து உட்காருகிறார்கள். ஒவ்வொருவரும் தம் வேகத்தில் உண்டு எழுகிறார்கள். சற்று நேரத்தில் இங்கே ஓர் இடம், அங்கே இரண்டு இடம் என்று மொத்தம் பன்னிரண்டு இடங்கள் காலியாகின்றன. அப்போது ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று வந்து, பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம் என்று நிற்கிறது. பன்னிரண்டு இடம் காலி, ஐவருக்கு இடமில்லை. உண்பவர்களை நகர்ந்து உட்காரச் சொல்லலாம் என்றால், சி மொழியில் அதுவும் முடியாது, ஏனெனில் ஒருவருடைய முகவரியைச் சுட்டி என்னும் மாறியில் குறித்துக்கொண்டு நிரலின் பல பகுதிகள் அவரைத் தேடி வந்துகொண்டிருக்கின்றன. கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும்வரை அசைக்க இயலாமை என்பது மேலாக்கின் பிறவிக் குணம்.

எண்களில் பார்த்தாலும் இதே கதைதான். மேலாக் போல இடம் பிரித்துக் கொடுக்கும் ஒதுக்கிகள் பல, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 8 பைட் தலைப்பு வைப்பதால், உங்கள் 24 பைட் அளவீடு உண்மையில் 32 பைட் பிடிக்கிறது. 4,096 பைட் ஹீப்பில் அப்படி 128 அளவீடுகளை அடுக்கி, ஒன்று விட்டு ஒன்றை விடுவித்தால் 2,048 பைட் காலியாகும். ஆனால் 64 பைட் கேட்டால்கூடக் கிடைக்காது. இது வேண்டுமென்றே அமைத்த கொடிய எடுத்துக்காட்டு என்று தோன்றலாம். உங்கள் கருவியில் நடப்பது இதன் மெதுவான வடிவம். அளவீடு ஒரு நிமிடம் வாழ்கிறது, பொட்டலம் சில வினாடி வாழ்கிறது, கைப்பேசி வலையமைப்போடு இணைக்கும் மோடத்தின் பதில் வரிகள் ஒவ்வொரு முறையும் வேறு நீளத்தில் வந்து போகின்றன. வெவ்வேறு அளவும் வெவ்வேறு ஆயுளும் சேர்ந்தால், காலியிடம் இப்படித் துண்டு துண்டாகும் சிதறல் தவிர்க்க முடியாதது. ஒன்பது நாள் என்பது அது முற்றுவதற்கு ஆகும் காலம்.

நல்லதோர் ஒதுக்கியை எழுதிவிட்டால் சிதறல் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ராப்சன் என்னும் ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் இதற்குக் கணித விடையே தந்துவிட்டார். துண்டுகளை இடம் மாற்ற முடியாத எந்த ஒதுக்கியாக இருந்தாலும், எவ்வளவு கூர்மையான உத்தியைப் பயன்படுத்தினாலும், அதைத் தோற்கடிக்கும்படி இடம் கேட்டும் திருப்பியும் வரும் வரிசை ஒன்று இருக்கவே செய்யும். துண்டுகளின் அளவு 8 பைட்டிலிருந்து இரட்டித்து இரட்டித்து 512 பைட் வரை மாறுகிறது என்றும், ஒரே நேரத்தில் பயன்பாட்டில் இருப்பது ஒருபோதும் 4 கிலோபைட்டைத் தாண்டாது என்றும் வைத்துக்கொண்டு அவருடைய சூத்திரத்தில் போட்டால், மிக மோசமான நிலையில் ஏறக்குறைய 15.5 கிலோபைட் ஹீப் வேண்டும் என்று வருகிறது. உங்கள் சில்லில் மொத்தம் இருப்பதே 20 கிலோபைட். அந்த மோசமான வரிசை உங்களுக்கு நேராமலே போகலாம். நேராது என்று உறுதி கூற மட்டும் உங்களால் முடியாது. வாகனங்களுக்கு எழுதுபவர்கள் பின்பற்றும் மிஸ்ரா சி 2012 விதித்தொகுப்பு மேலாக் குடும்பத்தையே விலக்கச் சொல்வதும், நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகளில் மூன்றாவது, தொடக்க ஏற்பாடு முடிந்தபின் நினைவகத்தை ஒதுக்காதே என்று சொல்வதும் இந்தக் கவலையிலிருந்துதான்.

இப்போது பந்திக்குத் திரும்புவோம். வருகிறவர்கள் எல்லாரும் தனித்தனியாகவே வருகிறார்கள், யாருக்கும் பக்கத்து இடம் தேவையில்லை என்றால் எந்தக் காலி இலையும் எவருக்கும் பொருந்தும். ஒரே ஓர் இலை காலியாக இருந்தாலும் வருகிறவருக்கு இடம் உண்டு. நினைவகத் தொகுப்பின் முழுத் தத்துவமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. எல்லா அறைகளும் ஒரே அளவு. ஆகவே எது காலியாக இருந்தாலும் போதும். ஆகவே சிதறல் என்ற சொல்லுக்கே அங்கு பொருளில்லை. காலி அறையைத் தேட வேண்டியதும் இல்லை என்பதால் எடுப்பதும் திருப்புவதும் எப்போதும் ஒரே அளவு நேரத்தில் முடிகின்றன. வேகம் ஒரு கூடுதல் நன்மைதான். பலர் அதையே முதன்மையாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

எழுதும் முறைக்கு வருகிறேன். காலியாக இருக்கும் அறைக்குள் பயனுள்ள தகவல் எதுவும் இல்லை என்பதே இங்கு நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. அந்த வெற்று இடத்திலேயே அடுத்த காலி அறையின் முகவரியை எழுதி வைக்கலாம். இப்படி ஒவ்வொரு காலி அறையும் அடுத்ததைச் சுட்டும் சங்கிலிக்குக் காலிப் பட்டியல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தொகுப்புக்கு வெளியே நீங்கள் வைத்திருக்க வேண்டியது அந்தச் சங்கிலியின் தலையைச் சுட்டும் ஒரே ஒரு சுட்டி மட்டும். தொடக்கத்தில் ஒரு சுழற்சியில் முதல் அறையை இரண்டாவதற்கும் இரண்டாவதை மூன்றாவதற்கும் இணைத்துக்கொண்டே போய், கடைசி அறையில் நல் எழுதுங்கள். அறை கேட்டால், தலை நல் என்றால் நல் திருப்புங்கள். இல்லையேல் தலை சுட்டும் அறையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் எழுதியிருக்கும் முகவரியைப் புதிய தலையாக்கி, கையில் உள்ளதைக் கொடுத்துவிடுங்கள். அறை திரும்பி வந்தால், அதற்குள் இப்போதைய தலையை எழுதி, அந்த அறையையே தலையாக்குங்கள். அவ்வளவுதான். ஒவ்வொன்றும் நான்கைந்து வரி. கடைசியாகத் திரும்பிய அறையே முதலில் வெளியே போகும் என்பதால், பெரிய கணினிகளில் அது இன்னும் கேஷ் என்னும் அதிவேகச் சிறு நினைவகத்தில் சூடாக இருக்கும் என்ற நன்மையும் உண்டு. உங்கள் சில்லில் கேஷ் இல்லை என்பதால் அதைப் பற்றி இங்கே கவலைப்பட வேண்டாம்.

ஆனால் இந்த நான்கைந்து வரிக்குள் சி மொழி ஒரு கண்ணியை வைத்திருக்கிறது. இணையத்தில் காணும் பல மாதிரிகள் பெரிய கேரக்டர் அணி ஒன்றை ஸ்டாட்டிக்காக, அதாவது நிரல் ஓடும் காலம் முழுதும் நிலைக்கும்படி, அறிவித்து, அதைச் சம துண்டுகளாக வெட்டி, வகை குறிக்காத வாய்டு சுட்டியாகக் கொடுக்கின்றன. கேரக்டர் அணிக்கு எந்த முகவரியும் பொருந்தும் என்பதால், நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் அதை ஒற்றைப்படை முகவரியிலும் தொடங்க வைக்கலாம். உங்கள் சில்லின் கோர்டெக்ஸ் எம்3 செயலி, ஒற்றைச் சொல்லை (4 பைட்) நான்கால் வகுபடாத ஒழுங்கற்ற முகவரியிலிருந்து படித்தால் பொறுத்துக்கொள்ளும். இரண்டு சொற்களை ஒரே கட்டளையில் படித்தால் பொறுக்காது, உடனே ஃபால்ட் என்னும் பிழை நிலையில் விழும். வேகத்துக்காக நிரலைச் செதுக்கும் ஆப்டிமைசேஷனைக் கூட்டும்வரை கம்பைலர் அப்படிப்பட்ட இரட்டைக் கட்டளைகளை அதிகம் உருவாக்குவதில்லை. ஆகவே மேசையில் நன்றாக ஓடிய நிரல், களத்துக்கு அனுப்புவதற்காக ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் விழும். நீங்கள் கம்பைலரைச் சந்தேகிப்பீர்கள். கேரக்டர் என்று அறிவித்த இடத்தை வேறு வகையாகப் படிப்பதை மொழியின் விதிகளே அனுமதிப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல்.

இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கும் வழி, ஒரே இடத்தை ஒரு நேரத்தில் ஒரு வகையாகப் பயன்படுத்த விடும் யூனியன். அறை என்பதை ஒரு யூனியனாக அறிவியுங்கள். அதன் ஓர் உறுப்பு அடுத்த அறையின் சுட்டி, மற்றோர் உறுப்பு உங்கள் அளவீட்டின் புலங்களைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரக்ட். பிறகு அந்த யூனியனின் அணியாக, வேண்டிய எண்ணிக்கையில், ஸ்டாட்டிக் தொகுப்பை அறிவியுங்கள். அறை ஒரு சுட்டி கொள்ளும் அளவாவது இருக்க வேண்டும், முகவரி இரண்டு உறுப்புக்கும் பொருந்த வேண்டும், அறையின் நீளம் அதற்கேற்ப உயர்த்தப்பட வேண்டும் என்னும் மூன்றையும் கம்பைலரே பார்த்துக்கொள்கிறது. சுட்டி உங்கள் சில்லில் 4 பைட், சோதிக்கும் 64 பிட் கணினியில் 8 பைட். யூனியனுக்கு அந்த வேறுபாடும் பொருட்டில்லை. எல்லா வகைக்கும் பொதுவான ஒரே தொகுப்பு நூலகம் எழுதும் ஆசை உங்களுக்கு வரும். மூன்று வகைப் பொருள்கள் மட்டும் உள்ள கருவியில் அதற்குத் தேவையில்லை என்பது என் கருத்து. வகைக்கு ஒரு தொகுப்பு, எடுக்கவும் திருப்பவும் வகைக்கு ஓர் இணைச் செயற்கூறு என்று எழுதினால், அளவீட்டு அறையைப் பொட்டலத் தொகுப்பில் திருப்பும் பிழையைக் கம்பைலரே எச்சரித்துக் காட்டிவிடும்.

அடுத்தது இன்டரப்ட், அதாவது ஓடும் நிரலை இடைமறித்து உடனே வேறொரு செயற்கூற்றை ஓட வைக்கும் வன்பொருள் அழைப்பு. இதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்னுடைய மூன்று வாரங்களை இது விழுங்கியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கரும்புத் தோட்டத்துக்காக மழைமானியும் மண் ஈரமானியும் சேர்ந்த கருவி ஒன்றை எழுதினேன். மழைமானியின் சிறு வாளி நீர் நிரம்பிச் சாயும்போதெல்லாம் இன்டரப்ட் வரும். அதற்குள்ளேயே ஓர் அறை எடுத்து நேரத்தைக் குறித்தேன். முதன்மைச் சுழற்சியும் அதே தொகுப்பிலிருந்து மண் ஈரத்துக்கு அறை எடுத்தது. முதன்மைச் சுழற்சி தலையைப் படித்துவிட்டு, புதிய தலையை எழுதுவதற்கு முன்னால் இன்டரப்ட் குறுக்கிட்டால், இருவர் கையிலும் ஒரே அறை. அந்த இடைவெளி சில கட்டளை நீளம்தான். ஆகவே வெயில் நாட்களில் எதுவும் நடக்கவில்லை. பெருமழையில் மட்டும், சில நாட்களுக்கு ஒருமுறை, மண் ஈரத்தின் இடத்தில் மழைக்குறிப்பின் நேரம் வந்து உட்கார்ந்தது. கம்பிக்குள் நீர் புகுந்திருக்கும் என்று எண்ணி இரண்டு முறை தோட்டத்துக்குப் போய்க் கம்பியை மாற்றினேன். பிழை என் நிரலில் இருந்தது.

எனவே எடுக்கும்போதும் திருப்பும்போதும் தலையைத் தொடும் அந்தச் சில வரிகளைச் சுற்றி இன்டரப்ட்டுகளை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன், இன்டரப்ட்டுகள் நிறுத்தத்தில் உள்ளனவா என்று காட்டும் பிரைமாஸ்க் பதிவேட்டின் மதிப்பைப் படித்து வைத்து, முடிந்ததும் அந்தப் பழைய மதிப்பையே திருப்பி எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இன்டரப்ட்டை இயக்கிவிடாதீர்கள், ஏனெனில் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருக்கும் வேறொரு பகுதி உங்கள் செயற்கூற்றை அழைத்திருக்கலாம். 72 மெகாஹெர்ட்ஸில் இந்த நிறுத்தம் ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவு. பொதுவான மேலாக்கை இப்படி நிறுத்திக் காக்க முனைந்தால், அது காலியிடம் தேடி முடிக்கும் வரை இன்டரப்ட்டுகள் காத்துக் கிடக்கும். அந்த நேரத்துக்கு ஒரு வரம்பு சொல்ல இயலாது. பல த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடும் கணினியில் மியூடெக்ஸ் என்னும் பூட்டைப் போட்டு விடுங்கள். பூட்டில்லாக் காலிப் பட்டியல் எழுதப் புகுந்தால், ஓர் அறை போய்த் திரும்பி அதே முகவரியில் தலையாக நிற்பதை மாற்றமில்லை என்று தவறாக எண்ணும் ஏபிஏ என்னும் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள்.

காவல்களைப் பற்றிச் சிறிது. ஒரே அறையை இருமுறை திருப்பினால் காலிப் பட்டியல் தன்னையே சுற்றும் வளையமாகிவிடும். அதன் பிறகு கேட்கும் எல்லாருக்கும் அதே அறை கொடுக்கப்படும். இதைப் பிடிக்க அறைக்கு ஒரு பிட் போதும்: 48 அறைக்கு 6 பைட். எடுக்கும்போது பிட்டை ஏற்றுங்கள். திருப்பும்போது அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும் முகவரி தொகுப்புக்குள்தான் இருக்கிறதா, தொடக்கத்திலிருந்து அதன் தூரம் அறையின் நீளத்தால் மீதியின்றி வகுபடுகிறதா என்றும் பாருங்கள். முகவரிகளை முழு எண்ணாக மாற்றி ஒப்பிடுங்கள், ஏனெனில் தொடர்பில்லாத இரண்டு சுட்டிகளில் எது பெரிது என்று கேட்பதற்கு மொழி பொருள் வரையறுக்கவில்லை. இந்த மூன்று சோதனையையும் களத்துக்குப் போகும் நிரலிலும் வைத்திருங்கள். மேசையில் சோதிக்கும்போது மட்டும் இன்னொன்று செய்யலாம்: அறை திரும்பியதும் சுட்டி போக மீதி இடம் முழுவதும் 165 என்னும் பைட்டால் நிரப்பி, மறுபடி கொடுக்கும் முன் அது கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தால், திருப்பிய பிறகும் பழைய சுட்டி வழியே எழுதுகிறவன் அகப்படுவான். நினைவகப் பிழைகளைத் தேடும் கருவிகளான வால்கிரைண்டும் அட்ரஸ் சானிடைசரும் இதைத் தாமாகக் கண்டுபிடிக்காது, ஏனெனில் அவற்றின் பார்வையில் உங்கள் தொகுப்பு என்றும் உயிரோடு இருக்கும் ஒரே அணி. எந்த அறை காலி என்பதை அவற்றுக்குரிய மேக்ரோக்கள் வழியாக நீங்களே சொல்லித்தர வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பிற்பகலில் எழுதி முடிக்கக்கூடியது. எத்தனை அறை வைப்பது, அவை தீர்ந்தால் என்ன செய்வது என்னும் இரண்டும்தான் உங்கள் உண்மையான வேலை. மேலாக் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பதே இல்லை. ஒன்பது நாள் கழித்து, மழை பெய்யும் இரவில், விடையை மட்டும் கேட்கிறது. தொகுப்பு முதல் நாளே கேட்டுவிடுகிறது. நான் தொகுப்பை வலியுறுத்துவதற்குச் சிதறலைவிட இதுவே பெரிய காரணம்.

எண்ணிக்கைக்கு ஓர் எளிய விதி உண்டு. வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-இல் நிறுவியது அது: உள்ளே சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, வரும் வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். நீங்கள் 10 வினாடிக்கு ஓர் அளவீடு எடுத்து, நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறீர்கள். மோடம் தாமதிப்பதையும் சேர்த்து, ஓர் அளவீடு மிக அதிகமாக 90 வினாடி தங்கும் என்று வைத்தால், 0.1 பெருக்கல் 90, அதாவது 9 அறை. மழைமானியின் சாய்வு ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால், மணிக்கு 120 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் 6 வினாடிக்கு ஒரு சாய்வு. எண்ணிக்கையை மட்டும் ஒரு மாறியில் கூட்டி, அடுத்த அளவீட்டோடு சேர்த்து அனுப்பினால் இன்டரப்ட்டுக்குள் அறை எடுக்கும் தேவையே மறைந்துவிடும். அளவீட்டுக்கு 9 அறை போதும் என்று கணக்கு வந்தாலும், தாராளமாக 48 வையுங்கள். 24 பெருக்கல் 48, 1,152 பைட்.

ஆனால் இது வலையமைப்பு இருக்கும்போது வரும் கணக்கு. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் 11 பேர் உயிரிழந்த திடீர் வெள்ளமும், 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் அதே நகரத்தின் தெருக்களில் வாகனங்கள் மிதந்ததும் உங்களுக்குத் தெரியும். உங்கள் கருவி பிறந்ததே அப்படிப்பட்ட நாளுக்காக. அன்று தொடர்பு ஆறு மணி நேரம் அறுந்தால் 2,160 அளவீடுகள் சேரும். 24 பைட் வீதம் 51,840 பைட். உங்கள் சில்லின் முழு நினைவகத்தைப் போல இரண்டரை மடங்கு. ஆகவே எண்ணிக்கையைக் கூட்டி இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அறைகள் தீரும்போது நடக்க வேண்டியதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வைப்பதா? புதியதை மறுப்பதா? இரண்டு அளவீட்டுக்கு ஒன்றாகச் சுருக்குவதா? மின்சாரம் போனாலும் தரவை இழக்காத ஃபிளாஷ் சில் ஒன்றை வெளியே வைத்து, காலி அறை எட்டுக்குக் கீழே போனதும் பழையவற்றை அங்கே எழுதி அறைகளை விடுவிப்பதா? உங்கள் கருவிக்கு நான் கடைசி வழியைத்தான் பரிந்துரைப்பேன். வெள்ளம் வடிந்தபின் நீர் எப்படி ஏறியது என்னும் வளைகோடே அடுத்த வெள்ளத்துக்கு எச்சரிக்கை அமைக்க உதவும் தரவு. ஃபிளாஷும் நிரம்பினால் நிமிடத்துக்கு ஒன்றாகச் சுருக்குங்கள்.

எச்சரிக்கைச் செய்திக்குத் தனித் தொகுப்பு வையுங்கள். 64 பைட்டில் 4 அறை, 256 பைட்தான் செலவு. பொதுத் தொகுப்பிலிருந்தே எச்சரிக்கையும் அறை எடுக்குமானால், சாதாரண அளவீடுகள் தேங்கி அறைகளைத் தின்றுவிட்ட நேரத்தில், நீர் கரையைத் தொட்டது என்று சொல்ல ஓர் அறை இல்லாமல் போகும். நினைவகத்தைப் பிரித்து வைப்பது முன்னுரிமையைப் பிரித்து வைப்பதும் ஆகும். பொட்டலத்துக்கு 512 பைட்டில் 4 அறை, 2,048 பைட். மூன்று தொகுப்பும் சேர்ந்து 3,456 பைட். 20,480 பைட்டில் மீதி 17,024. இந்த எண்கள் நிரலை இணைக்கும்போதே தெரிந்துவிடுகின்றன. பத்தாம் நாள் எதுவும் புதிதாக வந்து சேராது.

இதே சிந்தனையைப் பெரிய அளவில் காண விரும்பினால், ஆடம் டங்கல்ஸ் சுவீடனில் எழுதத் தொடங்கிய எல்டபிள்யுஐபி என்னும் சிறு வலையமைப்பு நிரலைப் படியுங்கள். உள்ளே வரும் பொட்டலங்களுக்கு அது வைத்திருக்கும் அறைகளின் எண்ணிக்கையைக் கம்பைல் செய்யும்போதே நிர்ணயிக்கலாம். அறை தீர்ந்தால் வந்த பொட்டலத்தைப் போட்டுவிடுகிறது. அனுப்பியவர் சிறிது பொறுத்து மறுபடி அனுப்பிக்கொள்வார் என்று டிசிபி நெறியே பொறுப்பேற்கிறது. தீர்ந்தால் என்ன என்ற கேள்விக்கு அது அவர்கள் கண்ட விடை. இயங்குதளங்களின் உட்புறத்திலும் இந்த மரபு நீண்டது: ஜெஃப் பான்விக் 1994-இல் சொலாரிஸுக்காக விவரித்த ஸ்லாப் ஒதுக்கி, ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரே அளவு அறைகளை வைத்திருப்பது, லினக்ஸின் கெர்னல் ஒதுக்கி அந்த வழியில் வந்தது.

பொருந்தாத இடங்களும் உண்டு. சிறு கருவிகளுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் தொடக்கப் பதிப்புகளில் பல அளவு அறைத் தொகுப்புகளே ஒதுக்கியாக இருந்தன. மிகச் சிறிய கருவிகளில் நினைவகம் வீணாகிறது என்று கேள்விகள் குவிந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். காரணம் எளிது: 40 பைட் வேண்டியவருக்கு 512 பைட் அறையைக் கொடுத்தால் 472 பைட் பூட்டிக் கிடக்கும். பொருள்களின் வகை தெரிந்த இடத்தில் தொகுப்பு நல்லது. எது வருமென்றே தெரியாத பொது ஒதுக்கியாக அது சரிப்படாது. உங்கள் மோடத்தின் பதில் வரிகள் அப்படிப்பட்டவை. அவற்றுக்குத் தொகுப்பு வேண்டாம். 256 பைட்டில் ஒரே ஒரு ஸ்டாட்டிக் வரிசையை வைத்து, ஒரு பதிலைப் படித்து முடித்தபின் அடுத்ததை அதன் மேலேயே எழுதுங்கள். அறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பாமல் ஒரு வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் விடுவது பொருந்துமானால், அரீனா என்னும் வேறு முறை தொகுப்பைவிட எளிது. எபென் தொழில்நுட்ப நகரில் சர்வர் நிரல் எழுதும் நண்பர்கள் வேகத்துக்காகத் தொகுப்பு எழுதுவதைப் பார்க்கிறேன்; ஆனால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2017-இல் வந்த 2.26 பதிப்பிலிருந்தே, ஒவ்வொரு த்ரெட்டும் சிறு துண்டுகளைத் தனக்கென அளவு வாரியாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அளந்து பார்க்காமல் அங்கே எதையும் மாற்ற வேண்டாம்.

உங்கள் நிரலை மாற்றியதும் ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு எண்களை வையுங்கள்: இதுவரை ஒரே நேரத்தில் வெளியே இருந்த அறைகளின் உச்சம், கேட்டும் கொடுக்க முடியாமல் போன முறைகள். இரண்டையும் நாளுக்கு ஒருமுறை அளவீட்டோடு அனுப்பச் செய்யுங்கள். 48 என்று நாம் போட்ட கணக்கு சரியா என்பதை ஓடைக்கரையே சொல்லும். களத்துக்குக் கொண்டுபோகும் முன் அளவீட்டுத் தொகுப்பை 2 அறையாகக் குறைத்து, ஃபிளாஷில் எழுதத் தொடங்கும் எல்லையை எட்டிலிருந்து ஒன்றாக்கி, மோடத்தின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அளவீட்டு இடைவெளியை வெகுவாகச் சுருக்கி ஓர் இரவு ஓட விடுங்கள். காலையில் ஃபிளாஷில் உள்ளவை இடையில் முறியாமல் வரிசையாக இருக்கின்றனவா, எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தினால் அதற்கு அறை கிடைக்கிறதா என்று பாருங்கள். புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அக்டோபருக்குள் இந்தச் சோதனை முடிந்திருக்கட்டும்.